சாரம் சரிந்தால் யார் பணம் கொடுப்பது?

சொந்த மனையில் வீடு கட்டுபவர் மேஸ்திரியுடனோ இன்ஜினியருடனோ போட்டுக்கொள்ளும் ஒப்பந்தத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். முத்திரைத்தாளில் இரண்டு மூன்று பக்கம் இருக்கும். சதுர அடிக்கு என்ன ரேட், எந்தக் கம்பெனி சிமென்ட், எந்தக் கம்பி, ஹால் டைல்ஸ் எத்தனை ரூபாய் வரை, பாத்ரூம் குழாய் என்ன பிராண்டு, பேஸ்மட்டம் முடிந்ததும் எவ்வளவு, தளம் போட்டதும் எவ்வளவு என்று எல்லாம் வரிசையாக எழுதியிருக்கும். சாரத்திலிருந்து கொத்தனார் விழுந்தால் மருத்துவச் செலவு யாருடையது, வானம் தோண்டும்போது பக்கத்து வீட்டுச் சுவர் விரிசல் விட்டால் யார் சரிசெய்வது, சென்ட்ரிங் முட்டு நழுவி அன்று போட்ட தளம் அன்றே விழுந்தால் யாருக்கு நஷ்டம், குடிபோன மூன்றாம் வருடம் கூரை ஒழுகினால் யாரைக் கூப்பிடுவது என்பதற்கெல்லாம் ஒரு வரிகூட இருக்காது. எழுதாமல் விட்டதால் அந்த ஆபத்துகள் எங்கும் போய்விடுவதில்லை. யாரும் முடிவு செய்யாத ஒருவர் தலையில் போய் விழுகின்றன. பெரும்பாலும் அவர் அதைத் தாங்க முடியாதவராக இருக்கிறார். விலையைப் பேசி எழுதுவது போலவே இழப்பையும் பேசி எழுத வேண்டும். எழுதிய வாக்குறுதிக்குப் பின்னால் இன்சூரன்ஸ் நிற்க வேண்டும். ஒன்று இருந்து மற்றது இல்லாவிட்டால் இரண்டுமே இல்லாதது போலத்தான் என்பது என் கட்சி.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் ஒரு வரியைச் சேர்த்துக்கொள்வதுண்டு: “வேலை செய்யும் இடத்தில் ஆட்களுக்கு ஏற்படும் எந்த விபத்துக்கும் ஒப்பந்தக்காரரே பொறுப்பு, வீட்டு உரிமையாளர் பொறுப்பல்ல.” இந்த வரி நல்லதுதான். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 124-ஆம் பிரிவு, ஒருவருக்கு வரும் நஷ்டத்தை இன்னொருவர் ஈடுசெய்வதாக வாக்குக் கொடுப்பதை முறையான ஒப்பந்தமாக ஏற்கிறது. ஆனால் அந்த வாக்கு கையெழுத்துப் போட்ட இருவரைத்தான் கட்டுப்படுத்தும். விழுந்த கொத்தனார் அதில் கையெழுத்துப் போடவில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் போடவில்லை; தெருவில் போகும்போது தலையில் செங்கல் விழுந்தவரும் போடவில்லை. இழப்பீட்டை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளியிடமே எழுதி வாங்கினாலும் செல்லாது என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தெளிவாகச் சொன்னது. அந்தச் சட்டம் இப்போது 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டுவிட்டது. ஆக, வெளியாள் யாரிடம் கேட்கலாம் என்பதைச் சட்டம் முடிவு செய்கிறது. அவருக்குக் கொடுத்த பணத்தை நாம் யாரிடம் திரும்பக் கேட்கலாம் என்பதை மட்டுமே ஒப்பந்தம் முடிவு செய்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் முக்கால்வாசிக் குழப்பமும் பிறக்கிறது.

தொகையைப் பார்த்தால் இது இன்னும் நன்றாக விளங்கும். 1923 சட்டத்தின் கணக்குப்படி, வேலையில் இறந்த தொழிலாளியின் மாதச் சம்பளத்தில் பாதியை அவர் வயதுக்குரிய ஒரு காரணியால் பெருக்க வேண்டும். கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் சம்பள உச்சவரம்பு 2020-ல் 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. முப்பது வயதுக்காரருக்குக் காரணி 207.98. பெருக்கினால் 15,59,850 ரூபாய் வருகிறது. ஒரு மேஸ்திரி, பத்துப் பன்னிரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு, வாரக்கூலியைச் சனிக்கிழமை எப்படியாவது புரட்டிக் கொடுப்பவர், இந்தத் தொகைக்கு எங்கே போவார்? “நானே பொறுப்பு” என்று அவர் எழுதிக்கொடுத்த வரிக்கு அவர் கையிருப்பு எவ்வளவோ அவ்வளவுதான் மதிப்பு. அவர் வேண்டுமென்றே ஏமாற்றப் போவதில்லை; பணம் இருக்காது, அவ்வளவுதான். அப்போது இறந்தவரின் மனைவிக்குக் கிடைப்பது, ஊர்ப் பெரியவர்கள் நடுவில் உட்கார்ந்து பேசி முடித்த ஒரு சிறு தொகை. நான் இந்த விஷயத்தில் இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்கு இதுவே முதல் காரணம். எழுதப்படாத பொறுப்பின் பாரத்தைக் கடைசியில் சுமப்பது சித்தாளின் குடும்பம்.

வீட்டுக்காரரும் முழுக்கத் தப்பித்துவிட்டதாக நினைக்க முடியாது. பொருளை எல்லாம் தானே வாங்கிக் கொடுத்து, லேபர் கான்ட்ராக்ட் மட்டும் விடுவது நம் ஊரில் பரவலான பழக்கம். அதிலும் சிலர் மேஸ்திரியைக் கூட இடையில் வைக்காமல் நேரடியாக நாள்கூலி கொடுக்கிறார்கள். அப்படிச் செய்தால் அவரே முதலாளி என்ற வாதம் வலுவாக எழும். இடையில் ஒப்பந்தக்காரர் இருந்தாலும், தன் தொழிலுக்காக வேலையைக் கொடுத்தவர் முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்பதே 1923 சட்டத்தின் 12-ஆம் பிரிவு. குடியிருக்கத்தான் கட்டுகிறேன், இது என் தொழில் அல்ல என்று வீட்டுக்காரர் சொல்லலாம். கீழே மூன்று கடை, மேலே நான்கு வாடகை போர்ஷன் என்று கட்டுபவர் அதைச் சொல்வது கடினம். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்தவருக்கு வாரியம் தரும் உதவித்தொகை உண்டு. அது வாரியத்தின் உதவி. முதலாளியின் பொறுப்பை அது தீர்த்துவிடாது.

அப்படியானால் எல்லாப் பொறுப்பையும் ஒப்பந்தக்காரர் மேல் ஏற்றிவிட்டு, அவரையே எல்லா இன்சூரன்சும் எடுக்கச் சொன்னால் போதாதா என்று கேட்கலாம். பெரிய கம்பெனிகளின் சட்டப் பிரிவுகள் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுகின்றன. எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒரு ஆபத்தை யாரால் தடுக்க முடியுமோ அவரிடம் அதை வைத்தால்தான் அது குறையும். சாரம் கட்டுவது, முட்டு கொடுப்பது, ஹெல்மெட்டும் கயிறும் தருவது எல்லாம் மேஸ்திரியின் கையில் இருக்கிறது. அவை அவருடைய பொறுப்பு. மண் வீட்டுக்காரருடையது. அடியில் களிமண்ணா, பழைய ஏரியை மேவிய இடமா, மூடிய கிணறா என்பதைக் கண்டுபிடிக்க மண் பரிசோதனைக்குப் பணம் கொடுக்க வேண்டியவர் அவர்தான். பரிசோதனை செய்யாமல் கடைக்கால் ஆழத்தை மேஸ்திரியின் அனுபவத்துக்கு விட்டுவிட்டு, பிறகு சுவர் இறங்கினால் அவரைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. பில்லரின் அளவும் கம்பியின் கணக்கும் வரைபடம் போட்ட ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருடையவை. தன்னால் தடுக்க முடியாத ஆபத்தையும் ஏற்கச் சொன்னால் விவரமான ஒப்பந்தக்காரர் அதற்கும் சேர்த்து ரேட்டை ஏற்றுவார். விவரம் இல்லாதவர் தலையாட்டிவிட்டு, சம்பவம் நடந்த அன்று போனை அணைத்துவிடுவார். இரண்டிலும் நஷ்டம் வீட்டுக்காரருக்கே.

காரணம் எது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை மௌலிவாக்கம் காட்டியது. 2014 ஜூன் 28 மாலை, சென்னைக்கு வெளியே கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் கனமழைக்கு நடுவே அப்படியே உட்கார்ந்தது. 61 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் அங்கே வேலை செய்த தொழிலாளர்கள். ஆந்திராவிலிருந்து பிழைக்க வந்தவர்கள் அவர்களில் ஏராளம். மின்னல் தாக்கியதே காரணம் என்று கட்டியவர்கள் தரப்பில் சொல்லப்பட்டது. நீதிபதி ரெகுபதி தலைமையில் அமைக்கப்பட்ட விசாரணை ஆணையம் கட்டமைப்பின் வடிவமைப்பிலேயே இருந்த குறைகளைச் சுட்டிக்காட்டியது. பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பர் 2-ஆம் தேதி வெடி வைத்துத் தகர்த்தார்கள். மின்னலா வடிவமைப்பா என்ற இந்தக் கேள்வி குற்ற வழக்குக்கு மட்டும் உரியது போலத் தோன்றும். பணத்தின் திசையையும் அதுவே தீர்மானிக்கிறது. வழக்கமான கட்டுமான இன்சூரன்ஸ் பாலிசியில் மின்னல் சேதத்துக்குப் பாதுகாப்பு உண்டு. வடிவமைப்புக் கோளாறால் வரும் சேதத்துக்கு, கூடுதல் பிரீமியம் கட்டித் தனியாகச் சேர்த்திருந்தால் ஒழிய, பாதுகாப்பு இல்லை. ஒரே இடிபாடு, ஒரே மாலை; காரணம் மாறினால் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தரும், அல்லது தராது.

இந்தப் பாலிசிக்கு ‘கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்’ என்று பெயர். இதில் இரண்டு பகுதிகள் உண்டு. முதல் பகுதி கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்துக்கும், சைட்டில் இறக்கிய பொருளுக்கும். தீ, வெள்ளம், புயல், திருட்டு, வேலையாளின் கவனக்குறைவு என்று பலவற்றை அது ஏற்கும். மோசமான பொருளாலோ மோசமான வேலையாலோ ஒரு பகுதி விழுந்தால், அந்தப் பகுதியைத் திரும்பக் கட்டும் செலவைத் தராது. அது விழுந்து நொறுக்கிய மற்ற நல்ல பகுதிக்குத் தரும். உதாரணமாக, சரியாகக் கலக்காத காங்கிரீட்டால் ஒரு பீம் உடைந்து, கீழே ஒழுங்காகப் போட்டிருந்த தளத்தையும் உடைத்துவிட்டது என்றால், பீமுக்குப் பணம் கிடையாது, தளத்துக்கு உண்டு. வேலை தாமதமானதால் வீட்டுக்காரர் கட்டிய கூடுதல் வாடகையும் கிடைக்காது. இரண்டாவது பகுதி வெளியாட்களுக்கான பொறுப்பு: தெருவில் போனவருக்குக் காயம், பக்கத்துச் சொத்துக்குச் சேதம். ஒப்பந்தக்காரரின் சொந்த வேலையாட்கள் இந்த இரண்டாம் பகுதியில் வர மாட்டார்கள். அவர்களுக்குத் தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசி என்று தனியாக எடுக்க வேண்டும். ‘எல்லாவற்றுக்கும் இன்சூரன்ஸ் போட்டாச்சு’ என்று சொல்பவர்களில் பலர் முதல் பாலிசியை மட்டும் எடுத்துவிட்டு, சாரத்தில் ஏறும் ஆளை மறந்துவிடுகிறார்கள்.

பக்கத்து வீட்டுச் சுவர் தனியாகப் பேச வேண்டிய விஷயம். நகரங்களில் சுவரோடு சுவராகத்தான் கட்டுகிறோம். அடுத்த வீட்டின் பழைய கடைக்கால் மூன்றடி ஆழம் இருக்கும். நாம் ஆறடி தோண்டுகிறோம். மண் நம் பக்கம் சரிய, அவர் சுவரில் படிக்கட்டு போல விரிசல் ஓடும். அதிர்வினாலோ, தாங்கிக்கொண்டிருந்த மண்ணை எடுத்ததாலோ வரும் இத்தகைய சேதம் சாதாரணப் பாலிசியில் அடங்காது. அதற்கென்று ஒரு கூடுதல் சேர்க்கை இருக்கிறது, கேட்டு வாங்க வேண்டும். அதை வாங்கும்போது கம்பெனி ஒரு நிபந்தனை வைக்கும்: வேலை தொடங்குமுன் அந்தக் கட்டடம் நல்ல நிலையில் இருந்ததற்கு ஆதாரம் வேண்டும். இன்சூரன்சே எடுக்காதவருக்கும் இது மிக நல்ல யோசனை. வானம் தோண்டும் முன் பக்கத்து வீட்டுக்காரரையும் வைத்துக்கொண்டு எல்லாச் சுவரையும் தேதி தெரியும்படி போட்டோ எடுத்து, இருக்கிற விரிசலை ஸ்கேலை வைத்து அளந்து, இருவரும் கையெழுத்துப் போட்ட தாளை ஆளுக்கொன்று வைத்துக்கொண்டால், பத்து வருடப் பகையைத் தவிர்க்கலாம்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் கடைசியில் ஏதாவது காரணம் சொல்லி மறுத்துவிடுவான், அப்புறம் எதற்கு வீண் செலவு என்பது நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு. மறுக்கப்பட்டவர்களின் ஆதங்கத்தை நான் குறைத்துப் பேசவில்லை. நியாயமில்லாமல் மறுக்கப்படுவதும் உண்டு. ஆனால் தவிர்க்கக்கூடிய காரணங்கள் சில திரும்பத் திரும்ப வருகின்றன. பிரீமியத்தை மிச்சம் பிடிக்க மதிப்பைக் குறைத்துப் போடுவது முதலாவது. 60 லட்ச ரூபாய்க் கட்டடத்தை 40 லட்சத்துக்கு இன்சூர் செய்தால், மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கே பாதுகாப்பு. 6 லட்சம் நஷ்டமானால், அது 40 லட்சத்துக்குள்தானே என்று நாம் நினைப்போம். அவர்கள் 4 லட்சம்தான் கணக்கிடுவார்கள். அதிலும் நாமே ஏற்க வேண்டிய முதல் தொகையைக் கழிப்பார்கள். அடுத்தது தாமதம்: விழுந்ததை அள்ளிப்போட்டுச் சுத்தம் செய்த பிறகு தகவல் சொன்னால் சர்வேயர் பார்ப்பதற்கு எதுவும் இருக்காது. இன்னொன்று காலம். ஒரு வருடத்துக்குப் பாலிசி எடுத்துவிட்டு, பணம் புரளாமல் நாலு மாதம் வேலையை நிறுத்திவிட்டு, பதினான்காம் மாதம் மாடித் தளம் போடுவோம். பாலிசி அதற்குள் முடிந்திருக்கும். வேலை நின்றதைச் சொல்லாததே தனிச் சிக்கலாகும். முடியும் தேதிக்கு முன்பே கூடுதல் பிரீமியம் கட்டி நீட்டிக்க வேண்டும். பாலிசியில் வீட்டுக்காரர், ஒப்பந்தக்காரர் இருவர் பெயரும் இருக்க வேண்டும். நகல் வீட்டுக்காரர் கையில் இருக்க வேண்டும். பில் கொடுத்தால் போதாது, பாலிசியைப் படித்தாக வேண்டும்.

செலவைப் பற்றிச் சொன்னால், கட்டடப் பாலிசியும் தொழிலாளர் பாலிசியும் சேர்ந்து சாதாரண வீட்டின் மொத்தச் செலவில் மிகச் சிறிய பங்கே ஆகும். இத்தாலியன் மார்பிளுக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் யோசிக்காமல் ஏற்றிக்கொள்ளும் தொகைக்கு அது எங்கோ கீழே நிற்கும். அதைவிடக் கடினமான தடை மனத்தில் இருக்கிறது. மேஸ்திரி நம் ஊர்க்காரர், மாமாவுக்கு வீடு கட்டிக் கொடுத்தவர், அவரிடம் போய் விபத்து, இழப்பீடு என்று எழுதச் சொன்னால் அவரைச் சந்தேகப்படுவதாக ஆகாதா? பூமி பூஜை போடும் நேரத்தில் அபசகுனமாகப் பேசலாமா? இந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் உறவை முறிப்பது அந்தத் தாள் அல்ல. தாள் இல்லாத நிலையில் வரும் விபத்துதான். இருவரும் நல்லவர்களாகவே இருந்தாலும் 15 லட்ச ரூபாய் எங்கிருந்து வரும் என்ற கேள்வி அப்படியே நிற்கும். மேஸ்திரிக்கும் இது பாதுகாப்பு. ஒரே ஒரு விபத்தில் கடனாளியாகி, தொழிலை விட்டுப் போன மேஸ்திரிகள் இல்லாத மாவட்டம் இல்லை.

வேலை முடிந்து சாவி வாங்கிய பிறகு வரும் பழுதுகளில் சட்டம் இரண்டு விதமாகப் பார்க்கிறது. பில்டரிடம் பிளாட் வாங்கியவருக்கு, 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு ஐந்து வருடப் பாதுகாப்புத் தருகிறது. கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்தால் சொன்ன 30 நாளுக்குள் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். சொந்த மனையில் ஒப்பந்தக்காரரை வைத்துக் கட்டியவருக்கு இந்தப் பிரிவு இல்லை. வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டத்தில் ஒரு சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் 1993-ல் சொன்னதால், அவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அதற்கு இரண்டு வருடக் கெடு உண்டு. எத்தனை காலத்துக்கு ஒப்பந்தக்காரர் திரும்பி வந்து சரிசெய்ய வேண்டும் என்பதை அவருடைய ஒப்பந்தம் மட்டுமே சொல்ல முடியும். அரசு வேலைகளில் பில் தொகையில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, பழுதுக் காலம் முடிந்த பின் விடுவிக்கும் வழக்கம் வெகுநாளாக இருக்கிறது. வீட்டு வேலையிலும் ஐந்து சதவீதத்தை அப்படி வைக்கலாம். காலத்தை மாதக் கணக்கில் மட்டும் எழுதாமல், ஒரு முழு வடகிழக்குப் பருவமழை முடியும் வரை என்று எழுதுவது நல்லது. தையில் குடிபோகும் வீட்டின் ஒழுகல் ஐப்பசி, கார்த்திகையில்தான் தெரியும். ஆறு மாதம் என்று எழுதியிருந்தால் ஆடியிலேயே கெடு முடிந்து, பணமும் போயிருக்கும். ஒப்பந்தக்காரர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு: மழை முடிந்து, குறை இல்லையென்றால் எத்தனை நாளில் அந்தப் பணம் அவருக்குத் திரும்ப வேண்டும் என்பதையும் தேதியோடு எழுத வேண்டும். நிறுத்திவைத்த பணத்தைத் தராமல் இழுத்தடிக்கும் வீட்டுக்காரர்களும் நிறைய இருக்கிறார்கள்.

தனிமனிதர்கள் தாளைச் சரியாக எழுதுவதோடு இது முடிந்துவிடாது. பிரான்ஸ் நாட்டில் 1978 ஜனவரி 4-ஆம் தேதியிட்ட ஒரு சட்டம், கட்டடத்தின் உறுதியைப் பாதிக்கும் குறைகளுக்குக் கட்டியவர்கள் பத்து வருடம் பொறுப்பு என்பதோடு, அந்தப் பொறுப்புக்கு இன்சூரன்சையும் கட்டாயமாக்கியது. வீட்டுக்காரரும் வேலை தொடங்குமுன் ஒரு பாலிசி எடுக்க வேண்டும். பெரிய பழுது வந்தால் அந்தக் கம்பெனி, யார் தவறு என்ற தீர்ப்புக்குக் காத்திராமல், சரிசெய்யப் பணம் தருகிறது; பிறகு குறை செய்தவரின் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் வசூலித்துக்கொள்கிறது. அங்கே பிரீமியம் கணிசமானது என்பது உண்மை. எடுக்காமல் விடும் தனிவீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் வழக்கு முடியும் வரை இடிந்த வீட்டில் இருக்க வேண்டாம் என்ற அந்த வரிசைமுறை எனக்கு மிகச் சரியாகப் படுகிறது. நம் 2016 சட்டத்தின் 16-ஆம் பிரிவும் கட்டுமானத்துக்குப் பில்டர் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்றே சொல்கிறது. எந்த இன்சூரன்ஸ் என்பதை மாநில அரசு அறிவிக்க வேண்டும் என்று விட்டிருக்கிறது. தனிவீடுகள் அதிலும் அடங்கா. இன்னொரு பக்கம், 2024 முதல் தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்குச் சுயசான்றின் பேரில் உடனடி அனுமதி கிடைக்கிறது. அலைச்சலைக் குறைத்த நல்ல ஏற்பாடு அது. அதிகாரியின் சரிபார்ப்பு குறைந்திருக்கும் இடத்தில் வேறொரு பாதுகாப்பு வந்து சேர வேண்டும்.

அதற்குப் புதிய அலுவலகம் எதுவும் தேவையில்லை. கட்டட அனுமதி வாங்கும்போதே கட்டுமானத் தொழிலாளர் நலநிதிக்குக் கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் வசூலிக்கப்படுகிறது. அதே விண்ணப்பத்தில், அந்தச் சைட்டில் வேலை செய்பவர்களுக்கான தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசியின் எண்ணையும் கேட்கலாம். இரண்டு மாடி வீட்டுக்கும் இது சுமைதானே என்று ஆட்சேபம் வரும். சிறு வீடுகளுக்கு, நலநிதிக்குச் செலுத்தும் தொகையிலிருந்தே வாரியம் ஒரு குழுப் பாலிசியை எடுத்து, சைட் வாரியாக அனுமதி எண்ணோடு இணைத்துவிட்டால் வீட்டுக்காரர் தனியாக ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை. வாரியத்தில் பதிவு செய்யாத வெளிமாநிலத் தொழிலாளியும் அப்போது அந்தச் சைட்டின் பெயரால் பாதுகாப்புக்குள் வந்துவிடுவார். இன்று பதிவு அட்டை இல்லாமல் விட்டுப்போகிறவர்களில் அவர்களே அதிகம்.